உள்ளிருக்கும் சான்று

(வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கவிதை பற்றிப் பேசத் தகுதியுடையோர் நிறைந்த இவ்வவையில், கல் சேர்ப்பவனாகிய என்னை அழைத்து, “உமக்குத் தெரிந்த கல்லைப் பற்றியே பேசும்” என்று அமைப்பாளர்கள் பணித்தனர். அப்பணிப்பை நான் உரிமையாகவே எடுத்துக்கொண்டேன். கல்லிலும் ஒரு கல்லைப் பற்றி, அக்கல்லிலும் உள்ளே வேறொரு பொருளை வைத்துக்கொண்டு பிறந்த கல்லைப் பற்றி மட்டுமே இன்று பேசப்போகிறேன். நார் பொதிந்த படிகம், நீர் பொதிந்த படிகம், பாசி போலவும் மரம் போலவும் உருவம் பொதிந்த படிகம் ஆகியவை அவை. அவற்றை எப்படிப் பார்ப்பது, எப்படி வாங்குவது, வாங்கும்போது எதற்கு விலை கொடுக்கிறோம் என்பனவே என் பொருள்.

முதலில் பெயர். படிகம், பளிங்கு என்னும் இரு சொற்களும் நம் பழைய நூல்களில் இக்கல்லையே குறித்தன. பளிங்கு என்ற சொல் பின்னாளில் தரையில் பதிக்கும் சலவைக்கல்லுக்குப் போய்விட்டது. மணிமேகலையில் உவவனத்துப் பளிக்கறையை நினைவு கூருங்கள். உள்ளே இருப்பவளின் ஓசை வெளியே வராது. உருவம் மட்டும் தெரியும். உதயகுமரன் வெளியே நின்று கண்டான், உட்செல்ல இயலவில்லை. படிகத்தின் இயல்பைச் சாத்தனார் நன்கறிந்திருந்தார் என்றே சொல்வேன். கொங்கு நாட்டு மேட்டு நிலங்களில் உழவர் காலில் இடறும் வெங்கச்சங்கல்லும் இதே பொருள்தான். இரண்டு வெங்கச்சங்கற்களை இருட்டில் ஒன்றோடொன்று உரசினால் உள்ளே ஒரு மங்கிய ஒளி ஓடும். சிறுவர் விளையாட்டாக அதைக் கண்டவர்கள் இவ்வவையிலும் இருக்கக்கூடும். சிலிக்கனும் ஆக்சிசனும் சேர்ந்த இப்பொருளைக் கனிம நூலார் குவார்ட்சு என்பர். கடினம் 7, நீரைப்போல் 2.65 மடங்கு எடை. இந்த இரண்டாம் எண்ணை மறவாதீர்கள், வாங்கும்போது பயன்படும்.

மணி வணிகத்தில் கல்லுக்குள் கல் இருப்பது குற்றம். இது உலகெங்கும் பொதுவான பழைய தீர்ப்பு. கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும் ஊர்காண் காதையில், மணிக் கடைத்தெருவை இளங்கோவடிகள் காட்டும்போது, வயிரத்திற்கு ஆகாத நான்கு குற்றங்களைப் பெயர் சொல்லியே நீக்குகிறார். காக்கையின் கால் போன்ற தடம் அவற்றில் ஒன்று. இரத்தினப் பரீட்சை நன்கு வளர்ந்திருந்த ஒரு நாட்டின் மொழி அது. கி.பி. முதல் நூற்றாண்டில் உரோம நாட்டுப் பிளினி, தம் இயற்கை நூலின் 37-ஆம் பகுதியில், படிகத்தின் குற்றங்களை அடுக்குகிறார். துருக்கறை, மேகம் போன்ற மங்கல், உள்ளே மறைந்து கிடக்கும் சிறு குழிவு என்று போகும் அப்பட்டியலின் முடிவில், செதுக்குவோர் சித்திர வேலையால் இவற்றை மறைப்பர் என்றும் சொல்கிறார். (வணிகத் தந்திரங்கள் அன்றே முதிர்ந்திருந்தன.) படிகம் என்பது மிகுந்த குளிரால் இறுகிய பனிக்கட்டி என்று பிளினி நம்பினார். கிரேக்க மொழியில் அதன் பெயரே பனிக்கட்டி என்று பொருள்படுவது.

நம் தஞ்சைக்கு அருகில் உள்ள வல்லத்தின் படிகக் கற்கள் மூக்குக்கண்ணாடிக்குப் பெயர் பெற்றவை. கண்ணுக்கு முன்னே வைக்கும் கல்லுக்குள் ஒரு நாரும் இருத்தல் கூடாது. ஊடுருவிப் பார்ப்பதற்கான கல் அது. நான் பேச வந்ததோ உள்ளே பார்ப்பதற்கான கல். ஒரே பொருள்; பார்வை நிற்கும் இடம் வேறு.

இந்த இரண்டாவது பார்வையை முதலில் பாடியவர் யார் என்று தேடினால், எனக்குத் தெரிந்தவரை, கிளாடியன் என்னும் புலவரிடம் போய் நிற்க வேண்டும். எகிப்தின் அலெக்சாந்திரியாவிலிருந்து வந்து, நான்காம் நூற்றாண்டின் இறுதியில் உரோமப் பேரரசின் அவைக்களத்தில் இலத்தீனில் பாடியவர் அவர். பேரரசரையும் படைத்தலைவரையும் புகழ்ந்த அவருடைய நெடும்பாடல்களோடு, உள்ளே நீர் அடைபட்ட ஒரு படிகத்தைப் பற்றிய ஏழு சிறு இலத்தீன் பாடல்களும் எஞ்சியுள்ளன. ஒரே கல்லுக்கு ஏழு பாடல்! பிளினி குற்றம் என்று எழுதிய அதே குழிவைத்தான் கிளாடியன் வியந்தார். வணிகர் தள்ளியதைக் கவிஞர் எடுத்துக்கொண்ட கதை இங்கே தொடங்குகிறது.

இனி அந்த நீரின் கதை. படிகம், பூமிக்குள் சூடான நீர்க்கரைசலிலிருந்து மெல்ல வளர்கிறது. வளரும் முகத்தில் ஒரு சிறு பள்ளம் மூடிக்கொண்டால், அந்நேரத்துக் கரைசல் உள்ளே சிறைப்படும். பின்னர்ப் பூமி குளிர்கிறது. கல்லைவிட நீர் மிகுதியாகச் சுருங்கும். சுருங்கிய இடத்தில் ஒரு குமிழி தோன்றும். கல்லைச் சாய்த்தால் நகரும் குமிழி அதுவே. 1858-இல் என்றி கிளிஃப்டன் சோர்பி என்னும் ஆங்கிலேயர், நுண்ணோக்கியின் அடியில் இத்தகைய குமிழிகளை ஆராய்ந்து எழுதிய கட்டுரையில், கல்லைச் சூடேற்றிக் குமிழி மறையும் வெப்பநிலையை அறிந்தால், அக்கல் எத்துணைச் சூட்டில் பிறந்தது என்பதை மதிப்பிடலாம் என்று காட்டினார். ஒரு துளி நீர், தான் அடைபட்ட நாளின் வெப்பத்தைச் சொல்கிறது. பாறையின் பிறப்பைத் தேடுவோர் இன்றும் இம்முறையையே கையாளுகின்றனர்.

நார் பொதிந்த கல்லுக்கு வருவோம். இன்று மிகுதியாக விலைபோவது ரூட்டைல் என்னும் டைட்டேனிய ஆக்சைடின் பொன்னிற நார்கள் கொண்ட படிகம். ரூட்டைல் ஒளியைத் திருப்பும் ஆற்றல் வயிரத்தினும் மிக்கது. ஆகவேதான் மயிரிழை போன்ற நாரும் தெளிந்த படிகத்துள் பொற்கம்பியாய் மின்னுகிறது. பிரேசில் நாட்டின் பாஹியா மாநிலத்து நோவோ ஒரிசோந்தி என்னும் ஊரின் கற்களை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். அவற்றின் நடுவே கரிய பளபளப்புள்ள எமடைட்டுத் தகடு ஒன்று இருக்கும். அதன் ஓரங்களிலிருந்து பொன் நார்கள் அறுபது பாகைக் கோணத்தில் ஆறு திசைகளில் விரிந்திருக்கும். எமடைட்டின் அணு அடுக்கு ஆறுமடிச் சமன் உடையது; அதன்மேல் ரூட்டைல் முளைக்கும்போது அந்த ஒழுங்கையே பற்றிக்கொண்டு முளைக்கிறது. பிறகு படிகம் வந்து அனைத்தையும் சூழ்ந்தது. ஆகவே தகடு முதல், நார் அடுத்து, படிகம் கடைசி. விற்பவர் வாய் திறவாமலே வரலாற்றை அக்கல் வரிசையாகச் சொல்லிவிடும்.

உட்பொதிவுகளை இவ்வாறு காலத்தால் மூன்றாகப் பிரிப்பர். கல்லுக்கு முன்னமே இருந்து சூழப்பட்டவை. கல்லோடு கூடவே வளர்ந்தவை. கல் பிறந்த பின் விரிசல் வழியே புகுந்தவை. சுவிட்சர்லாந்தின் எடுவார்டு கியூபலின் தம் வாழ்நாளையே இவ்வாராய்ச்சிக்குக் கொடுத்தவர். 1986-இல் ஜான் கொய்வுலாவுடன் அவர் வெளியிட்ட உட்பொதிவுப் படத்தொகுப்பைப் புரட்டினால், மணிகளுக்குள் இத்தனை நிலக்காட்சிகளா என்று திகைப்பீர்கள். குற்றம் என்ற சொல் அந்நூலுக்குப் பின் சிறிது நாணத்தோடுதான் நடமாடுகிறது.

படிகம் வளரும்போது இடையில் நின்று, அதன் முகங்களில் பச்சைக் குளோரைட்டுத் தூள் படிந்து, மீண்டும் வளர்ந்தால், கல்லுக்குள் ஒரு பச்சைக் கல் நிழலுருவாய் நிற்கும். தன் இளமையைத் தனக்குள் வைத்திருக்கும் கல் என்று நான் அதை நண்பர்களிடம் சொல்வதுண்டு, கவிஞர்கள் பொறுத்தருள்க. உத்தரப் பிரதேசத்தின் பாந்தா நகரத்தருகே கென் ஆற்றில் கிடைக்கும் சாஜர் கல்லில் மரங்களும் புதர்களும் தெரியும். மரம் என்னும் பொருளுடைய அரபுச் சொல்லே பெயராயிற்று. ஆனால் அங்கே எந்த இலையும் புதையவில்லை. இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் கல்லின் நுண்பிளவுகளில் கிளைத்துப் படர்ந்த உருவமே அது. அகேட்டும் குவார்ட்சு இனமே ஆகையால் இதையும் நம் கணக்கில் சேர்க்கிறேன். சில நேரம் உட்பொதிவு கண்ணுக்கே தெரியாமல் நிறமாக மட்டும் நிற்கும். பாறையாகக் கிடைக்கும் இளஞ்சிவப்புப் படிகத்தின் நிறத்திற்கு, டூமார்ட்டியரைட்டை ஒத்த, கண்ணுக்கு எட்டாத நுண்ணிழைகளே காரணம் என்று 2001-இல் கலிபோர்னிய ஆய்வாளர் எழுதினர்.

இப்போது கடைத்தெருவுக்குப் போவோம். சிலப்பதிகாரத்திலும் வழக்கு முடிந்தது உட்பொருளால் அன்றோ? சிலம்புகள் புறத்தோற்றத்தில் ஒத்திருந்தன. அரசியின் சிலம்பில் முத்து. கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். உடைத்த பின்னரே உண்மை தெரிந்தது. படிக வணிகத்தில் நமக்குள்ள பேறு, உடைக்காமலே உள்ளிருக்கும் சான்றைக் காணலாம் என்பது. ஆய்வுக்கூடத்தில் உயர் அழுத்த நீரில் வளர்க்கும் செயற்கைப் படிகம் பெரும்பாலும் மாசற்றது. இருந்தால் ரொட்டித்தூள் சிதறியது போன்ற புள்ளிகள் இருக்கும். இயற்கை நாரும் நிழலுருவும் நீரும் பூமி இட்ட கையொப்பம். ஆகவே இங்கே குற்றமே சான்று, சான்றுக்கே விலை.

சான்றுக்கு விலை வந்தால் பொய்ச் சான்றும் வரும். ‘செர்ரி குவார்ட்சு’ என்ற பெயரில் விற்கப்படும் சிவப்பு மணிகள் கண்ணாடி. ‘ஸ்ட்ராபெர்ரி குவார்ட்சு’ என்ற பெயரில் மெய்யான கல்லும் உண்டு, கண்ணாடியும் உண்டு. உள்ளே பொற்றுகள் சமமாகத் தூவியதுபோல் மின்னும் கல்லைக் கண்டால், அது செம்புத் துகள் மிதக்கும் கண்ணாடி என்று முதலில் ஐயுறுங்கள். வெனிசு நகரத்தின் முரானோத் தீவுக் கண்ணாடித் தொழிலாளர் நெடுங்காலம் முன்பே கைவரப்பெற்ற வித்தை அது. இயற்கை இவ்வளவு சமமாகத் தூவாது. பத்து மடங்கு பெருக்கும் கைலென்சு ஒன்று போதும்: முழு உருண்டையான காற்றுக் குமிழி தெரிந்தால் அது பெரும்பாலும் கண்ணாடியே. படிகத்தின் குழிவுகள் கோணலாகவோ, படிகத்தின் வடிவத்தையே ஒத்தோ இருக்கும். ஓரளவு பெரிய உருண்டையை வாங்குபவர், ஒரு தலைமயிரை வெள்ளைத்தாளில் வைத்து, அதன்மேல் உருண்டையை மெல்லச் சுழற்றிப் பார்க்கட்டும். படிகமாயின் ஏதோ ஒரு நிலையில் மயிர் இரண்டாகத் தெரியும். கண்ணாடியில் ஒருபோதும் இரண்டாகாது. இதைக் காட்டினால் முகம் சுளிக்கும் கடைக்காரரிடம் அன்று எதுவும் வாங்க வேண்டா.

நீர்க்கல்லில் ஏமாற்று இன்னும் நுட்பமானது. அகேட்டில் பக்கவாட்டில் ஊசித்துளையிட்டு, நீரைச் செலுத்தி, அடைத்துவிடுவர். ஓரம் முழுவதையும் லென்சால் சுற்றிப் பார்த்து, அடைப்பின் வட்டத்தைத் தேட வேண்டும். அகேட்டு நுண்துளை உடையது. மெய்யான நீரும் வறண்ட இடத்தில் ஆண்டுக்கணக்கில் கசிந்து போகக்கூடும். தெளிந்த படிகத்துள் அடைபட்ட நீருக்கு அவ்வச்சம் மிகக் குறைவு.

நம்மூரில் தனியே எச்சரிக்க வேண்டியது ஒன்று உண்டு. கேதுவுக்காக வைடூரியம் பதித்த மோதிரம் அணிவோர் நம்மிடையே பலர். இணையான நார்கள் நெருங்கிய குவார்ட்சைக் குவிந்த வடிவில் தேய்த்தால் அதன் மேலும் பூனைக்கண் போன்ற ஒளிக்கோடு ஓடும். அழகான கல்தான்; ஆனால் வைடூரியம் அன்று. வைடூரியமாகிய கிரைசோபெரில் நீரினும் ஏறத்தாழ 3.7 மடங்கு எடை, குவார்ட்சு 2.65. நீரில் தொங்கவிட்டு நிறுத்தால் ஐயம் தீரும். நம்பிக்கையைப் பற்றி நான் ஒன்றும் கூற வரவில்லை. நம்பிக்கையுடன் வாங்குபவர்க்கும் வாங்கிய கல் எது என்றறியும் உரிமை உண்டு. வைடூரிய விலையில் குவார்ட்சைத் தருவது கிரகத்தின் குற்றம் அன்று, வணிகரின் குற்றம்.

மெய்க்கல் என்று தெளிந்த பின் நல்ல கல் எது? இதற்கு வயிரத்திற்குப் போல் அட்டவணை இல்லை. ஆகவே பேரம் மிகுதி. முதலில் லென்சைக் கீழே வைத்துவிட்டு, கைநீட்டும் தொலைவில் பாருங்கள். படிகம் தெளிவாக இருந்து, உட்பொதிவு தன் இடத்தில் தனித்து நின்றால் அது முதல்தரம். நார் நிறைந்த கல்லை மதிப்புடையது என்பர் சிலர். வெற்றிடம் உள்ள கல்லையே நான் எடுப்பேன். அடுத்து, நார் மேற்பரப்பை முட்டுகிறதா என்று பாருங்கள். முட்டிய இடத்தில் சிறு குழி இருக்கும். அழுக்கேறும், சில வேளை மெழுகால் நிரப்பியிருப்பர். பிறகு விரிசல். நகத்தில் தட்டினால் போகாத கல்லும் மோதிரத்தில் பதிக்கும் அழுத்தத்தில் பிளந்துவிடும்.

பட்டை தீட்டுபவரின் அறிவு இங்கேதான் வெளிப்படும். நிறைய பட்டைகள் தீட்டினால் ஒவ்வொரு பட்டையும் உள்ளிருக்கும் உருவைப் பலவாக உடைத்துக் காட்டும். ஆகவே தேர்ந்தவர் மேலே அகன்ற ஒரே முகம் விட்டோ, குவித்தோ நிறுத்திக்கொள்வார். ஆறு கதிர் நடுவில் அமைய வேண்டுமென்று எடையில் பாதியையும் தேய்த்து இழக்கத் துணிந்தவரின் கல்லுக்குக் கூடுதல் விலை கேட்டால் கொடுத்துவிடுங்கள். நம் நொய்யல் கரைக் கொடுமணலில் 1985 முதல் நடந்த அகழாய்வுகளில் படிகம், செவ்வந்திக்கல், பச்சைக்கல் மணிகளும் செய்து முடிக்காத மணிகளும் கிடைத்தன. பதிற்றுப்பத்துச் சொல்லும் கொடுமணம் அவ்வூரே என்பர். எதைத் தேய்ப்பது, எங்கே நிறுத்துவது என்ற அறிவு அக்கரையில் இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம். இன்றும் காங்கேயத்தில் அத்தொழில் வாழ்கிறது.

கவிஞர்களுக்காக ஒரு சொல். இக்கற்களுக்குப் பெயரிட்டோர் பெரும்பாலும் உங்கள் இனத்தவரே. பொன் நார்ப் படிகத்தை ஐரோப்பியர் வீனசின் கூந்தல் என்றனர். பிரெஞ்சுக்காரர் காதல் அம்புகள் என்றனர். சப்பானியர் இத்தகைய கல்லைப் புல் புகுந்த படிகம் என்பர். யாமனாசி மாவட்டத்துத் தாக்கெமோரியின் கற்கள் அப்பெயரால் அறியப்பட்டவை. ரோசே கயுவா என்னும் பிரெஞ்சு எழுத்தாளர் கற்களின் எழுத்து என்ற பொருள்பட 1970-இல் ஒரு நூலே எழுதினார். அவர் சேர்த்த கற்கள் பாரிசின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. நமக்குத் தமிழில் இக்கற்களுக்குப் பெயர் இல்லை. வெள்ளைக் காகிதப் பொட்டலத்தைப் பிரித்து வைக்கும் வணிகர் ஆங்கிலப் பெயரையே சொல்கிறார். அதுவும் சென்ற ஆண்டு ஒன்று, இவ்வாண்டு ஒன்று. இவ்வட்டம் முனைந்தால் இக்குறை ஓராண்டில் தீரும்.

சேர்ப்போர்க்கு நான் வற்புறுத்துவது ஒரு சீட்டு. கல் பிறந்த ஊர், வாங்கிய நாள், விற்றவர் சொன்ன செய்தி ஆகிய மூன்றையும் சிறு தாளில் எழுதிக் கல்லோடு வையுங்கள். ஊர் தெரியாத கல் முகவரி கிழிந்த கடிதம் போன்றது. எந்த ஊர் என்று கேட்டதும் “இறக்குமதி” என்று மட்டும் சொல்லும் கடைகள் பெருகிவிட்டன.

ஊரைக் கேட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதைச் சொல்லாமல் இவ்வுரையை முடிக்க என் மனம் இடந்தரவில்லை. குவார்ட்சும் அகேட்டும் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலில் தங்கிவிடும். குசராத்தின் கம்பாத்தில் அகேட்டுத் தேய்க்கும் தொழிலாளரிடையே சிலிக்கோசிசு என்னும் தீரா நோய் பரவியிருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. வீட்டு முற்றத்திலேயே சாணை சுழல்வதால், தேய்ப்பவர் மட்டுமன்றி உடனிருப்போரும் அத்தூளைச் சுவாசிக்கின்றனர். ஈரத்தில் தேய்த்தலும், தூளை உறிஞ்சும் கருவியும் இதைப் பெரிதும் குறைக்கும், இரண்டும் செலவு. கையளவு மணிமாலை நம்பமுடியாத மலிவில் கிடைத்தால், அச்செலவை யாரோ செய்யவில்லை என்றே பெரும்பாலும் பொருள். ஈரச் சாணையில் தேய்த்த கல்லா என்று கேட்டு வாங்குங்கள். கேட்பவர் பத்துப் பேரானால் கடைக்காரர் அவ்வினாவைத் தேய்ப்பவரிடம் கொண்டுபோவார்.

நான் ஐந்து கற்களை இம்மேசைமேல் வைத்திருக்கிறேன். லென்சும் உண்டு, கருங்கூந்தல் ஒன்றும் வெள்ளைத்தாளும் உண்டு. ஐந்தில் ஒன்று கண்ணாடி. எது என்று நான் சொல்லப்போவதில்லை. நீர்க்கல்லைச் சாய்த்துப் பாருங்கள், குமிழி நகரும்; மேடை விளக்கின் அருகே மட்டும் கொண்டுசெல்ல வேண்டா. சூடேறினால் உள்ளிருக்கும் நீர் விரிந்து கல் வெடித்துவிடும்.